பேர் இல்லாத சீட்டு

மாசிலாமணிக்கு ஜெபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் பைபிளம்மா வீட்டுக்குப் போனார்.

பைபிளம்மா என்றால் சற்குணத்தம்மாள். வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து, ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவர். மாசிலாமணியைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் மாசிலாமணி அவரிடம்தான் பாடம் கேட்டார். பஸ்ஸில் முப்பது வருஷம் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர்டு ஆன மனுஷன். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காத முகமாகவே தெரியும் அவருக்கு.

பைபிளம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, இந்த வெயில்ல வந்திருக்கிய?”

“கண்ணை மூடினா ஆண்டவர் வரணும்லா. எனக்குச் சேவல்லா வருது.”

“எந்தச் சேவல்?”

“தெரியாத மாதிரி கேக்கியளே! அறுப்பின் பண்டிகைக்கு நான் காணிக்கையாக் கொடுத்த சேவல்தான். காலையில கோயில் முத்தத்துல கட்டிட்டு வாரேன். மத்தியானம் காணிக்கையெல்லாம் ஏலம் விடுதப்ப போனா, கயிறு மட்டும் கிடக்கு. எல்லாம் அந்த ஏசுவடியான் பய வேலை.”

ஏசுவடியான்தான் கோயில் குட்டி. மணியடிப்பது, பாய் விரிப்பது, விளக்குத் துடைப்பது எல்லாம் அவன்.

“அவன் எடுத்ததைப் பாத்தியளா?”

“பாக்கவா செய்யணும்? மறுநாளு அவன் வீட்டு வழியாப் போனேன். கறி மசாலா மணந்துச்சு.”

“அன்னைக்கு உங்க வீட்டுல என்ன குழம்பு?”

“கருவாடு. பேச்சை மாத்தாதிய.”

பைபிளம்மா சிரிக்கவில்லை. கீரைக் காம்பை ஒதுக்கி வைத்தார்.

“கண்ணை மூடுத நேரத்துல அவன் வேற எதையும் தூக்கிருவானோன்னு இருக்கு” என்றார் மாசிலாமணி. குரல் இறங்கியிருந்தது. “மூணு மாசமா திருவிருந்துக்குப் போகலை. அவன் வாய் வச்ச திராட்சரசப் பாத்திரத்துல நான் எப்படி வாய் வைக்க? நாளைக்கழிச்சு லெந்து, நாப்பது நாள் தவசு ஆரம்பிக்குது. ஈஸ்டருக்கும் போகலைன்னா நான் என்ன கிறிஸ்தவன்? நீங்கதான் ஒரு வழி சொல்லணும்.”

பைபிளம்மா எழுந்து உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஜெபக் குறிப்பு எழுதிப் போடுகிற பெட்டி.

“லெந்து முடியிற வரைக்கும் சீட்டை நீங்க வாசிங்க.”

“நான் கேட்டது ஜெபம் வர்றதுக்கு வழி.”

“வாசிக்கையில கண்ணைத் திறந்துதான அண்ணாச்சி வச்சிருக்கணும்?”

முதல் வெள்ளி. பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாசிலாமணி ஒவ்வொரு சீட்டாக எடுத்தார். ஒருத்திக்கு முட்டுவலி. ஒருத்தர் மகனுக்கு விசா. நாலாவது சீட்டில் இப்படி இருந்தது:

‘ஒருவர் மனசில் நான் களவாணியாக இருக்கிறேன். அவருக்குச் சமாதானம் கிடைக்க ஜெபிக்கவும்.’

பேர் இல்லை. வாசித்தார். எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்து ஆமென் சொன்னார்கள். மாசிலாமணியும் ஆமென் சொன்னார், யார் தலை கூடுதலாகக் குனிகிறது என்று பார்த்துக்கொண்டே.

கூட்டம் முடிந்ததும் பைபிளம்மாவிடம் வந்தார்.

“பேர் இல்லாத சீட்டு செல்லாதும்மா.”

“ஆண்டவருக்குத் தெரியும்லா.”

“வாசிக்கிறவனுக்குத் தெரியாண்டாமா? அவனாத்தான் இருக்கும். நெஞ்சு குத்துது, எழுதிப் போட்டுட்டான்.”

“ஏசுவடியானுக்கு எழுதத் தெரியுமா அண்ணாச்சி?”

தெரியாது. கோயில் நோட்டில் அவன் கைநாட்டுதான் வைப்பான். மாசிலாமணியே பார்த்திருக்கிறார்.

அடுத்த வெள்ளியும் அதே வாசகம். எழுத்து மட்டும் வேறு. அதற்கடுத்த வெள்ளி இன்னொரு எழுத்து. ஒன்று பச்சை மை. ஒன்று ரேஷன் பில்லுக்குப் பின்னால் எழுதினது. மாசிலாமணி எல்லாவற்றையும் பழைய தோல் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். ‘ள’வின் சுழியைப் பார்ப்பார். பச்சை மை, டீச்சரம்மாவா? ரேஷன் பில்லு, கடைக்காரனா? ஒரு சேவலுக்கு இத்தனை பேர் கூட்டா? கோயிலுக்குப் போகிற வழியில் நல்லா இருக்கியளா என்று கேட்டவர்களுக்குக்கூட அவர் நின்று பதில் சொல்லவில்லை.

ஆறாவது வெள்ளிச் சீட்டை வெளிச்சத்தில் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. குண்டு குண்டான எழுத்து. அவர் வீட்டுப் பலசரக்குச் சீட்டில் மாசாமாசம் பார்க்கிற எழுத்து.

மருமகளும் வெள்ளிக் கூட்டத்துக்கு வருகிறவள்தான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இது உன் எழுத்தா?”

“ஆமா மாமா. கோயில் குட்டி எழுதித் தரச் சொன்னாரு. எழுதிக் கொடுத்தேன்.”

“யாருக்காக ஜெபிக்கன்னு கேட்டியா?”

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“கேக்கணுமா மாமா?”

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் காலையில் மாசிலாமணி கோயிலுக்கு வந்தார். உள்ளே பைபிளம்மா பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஏசுவடியான் வாசலில் பாய் உதறிக்கொண்டிருந்தான். மாசிலாமணி அவனைத் தாண்டி உள்ளே போய், ஆறு சீட்டையும் பெஞ்சில் வரிசையாக வைத்தார்.

“முதல் சீட்டு உங்க எழுத்து.”

“ஆமா.”

“கூட்டத்துல எழுதத் தெரிஞ்சவங்க ஏழு பேரு. என்னைத் தவிர ஆறு பேரும் எழுதியாச்சு.”

“ஆமா அண்ணாச்சி.”

“அப்போ ஆறு வாரமா எல்லாரும் கண்ணை மூடி ஜெபிச்சது எனக்காகவா?”

“நீங்களுந்தான ஆமென் சொன்னிய?”

மாசிலாமணி பெஞ்சில் உட்கார்ந்தார். வாசலில் பாய் உதறுகிற சத்தம் கேட்டது.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவன் எடுத்தானா, எடுக்கலையா?”

பைபிளம்மா வாசல் பக்கம் திரும்பினார்.

“ஏசுவடியான், இந்த வாரச் சீட்டு எழுதியாச்சா?”

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தூணோரம் நின்றான்.

“இல்லம்மா. எழுத ஆளு தீந்து போச்சு.”

அவன் சட்டைப்பையில் காலண்டர்த் தாள் ஒன்று இருந்தது. பைபிளம்மா அதை வாங்கி, வெறும் பக்கத்தைத் திருப்பி மாசிலாமணி முன்னால் வைத்தார்.

மாசிலாமணி காலண்டர்த் தாளைப் பார்த்தார். ஏசுவடியானைப் பார்த்தார். அவன் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று முப்பது வருஷக் கண்ணால் தேடினார். ஒன்றும் தெரியவில்லை. பேனாவை எடுத்தார்.

“என்ன எழுத?”

நாலரை மாசத்தில் அவனிடம் அவர் பேசின முதல் பேச்சு அதுதான்.

“எப்பவும் எழுதுததுதான் ஐயா” என்றான் ஏசுவடியான்.

மாசிலாமணி எழுதினார். ‘ஒருவர் மனசில் நான் களவாணியாக இருக்கிறேன். அவருக்குச் சமாதானம் கிடைக்க ஜெபிக்கவும்.’ ‘அவருக்கு’ என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்று, பிறகு ஓடியது. எழுதி முடித்தும் அவர் பேனாவை மூடவில்லை. பழைய பழக்கம் விடவில்லை.

“பேர் போட வேண்டாமாம்மா?”

“யார் பேரை அண்ணாச்சி?” என்றார் பைபிளம்மா.