பேன் விருந்துக்கு வந்த மந்தி

அத்திமரக் காட்டில் சிலுப்பி என்றொரு மந்தி இருந்தாள். யாராவது மேலே கை வைத்தால் போதும், உடம்பைச் சிலுப்பிக்கொண்டு ஓரடி தள்ளி உட்கார்ந்துவிடுவாள். அதனால் வந்த பெயர் அது.

குரங்குக் கூட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. வீட்டுக்கு வந்தவருக்கு நாம் காப்பி கொடுக்கிறோம் அல்லவா? குரங்குகள் பேன் பார்க்கும். சண்டை போட்டால் பேன் பார்த்துத்தான் சமாதானம். சம்பந்தம் பேசப் போனால் முதலில் பேன். துக்கம் விசாரிக்கப் போனாலும் பேன். ஊர்வம்பு முழுவதும் அந்த நேரத்தில்தான் கைமாறும். "எனக்குப் பேன் பார்க்க வேண்டாம்" என்று ஒரு மந்தி சொன்னால், "உங்கள் வீட்டுப் பச்சைத் தண்ணீர்கூட எனக்கு வேண்டாம்" என்று சொன்ன மாதிரி!

சிலுப்பி என்ன செய்வாள், பாவம்! ஒரு விரல் மெல்லப் பட்டாலே அவளுக்கு முதுகெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். குட்டியாக இருந்தபோது கத்திப் பார்த்தாள். அம்மா காதைத் திருகினாள்.

"எல்லாருக்குந்தான் கூசும்! உனக்கு மட்டும் என்னடி இவ்வளவு திமிரு?"

அதோடு கத்துவதை விட்டுவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரப் பழகினாள். சுகமாக இருக்கிற மாதிரி முகத்தில் ஒரு பாவனை வேறு! பிறகு இரண்டு நாளைக்கு யார் கண்ணிலும் படாமல் உச்சிக்கிளையில் சுருண்டு கிடப்பாள். "சிலுப்பிக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு" என்று கீழே பேசிக்கொள்வார்கள்.

கல்யாணம் ஆனபிறகு கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அவள் புருஷன் குண்டன் சரியான சாப்பாட்டு ராமன். ஆனால் கண் உள்ளவன். முதல் வாரத்திலேயே கவனித்துவிட்டான்.

"நீ பேசாம உக்காரு. நான் பாத்துக்கறேன்" என்றான்.

அன்றிலிருந்து தினமும் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து காற்றில் பேன் எடுப்பான். ஒரு முடியைக்கூடத் தொடமாட்டான். எடுத்ததாகப் பாவித்து வாயில் போட்டு மென்று, "ஆகா! என்னா கொழுத்த பேனு!" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சப்புக்கொட்டுவான். மொத்தக் கூட்டமும் நம்பியது. "ஜோடின்னா இதுதான்யா ஜோடி!" என்று மெச்சியது.

ஒரு மழைக்காலத்தில் புயல் வந்தது. பெரிய அத்திமரம் வேரோடு சாய்ந்தது. குண்டனும் அதோடு போய்விட்டான். கூட்டம் திசைக்கொன்றாகச் சிதறியது. நடுவயதைத் தாண்டிய சிலுப்பி தனியாளாக நின்றாள்.

தனிக்குரங்கு என்றால் சிறுத்தைக்குக் கொண்டாட்டம். இரண்டு நாளாக அதன் உறுமல் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. சிலுப்பி ஓடையைத் தாண்டி ஓடினாள். அக்கரையில் நாவல்மரத்துக் குரங்குக் கூட்டம் இருந்தது. அதற்குத் தலைவி பெரியநாச்சி. அவள் ஒரு பார்வை பார்த்தால் வாலை ஆட்டிக்கொண்டிருக்கும் ஆண்குரங்கான கடுவன்கூட வாலை மடக்கிக்கொள்வான்.

"நாச்சியக்கா, புயல்ல புருஷனும் போயிட்டான். எனக்கு யாருமில்ல. ஒரு கிளை கொடுத்தாப் போதும்" என்றாள் சிலுப்பி.

"கிளைக்கென்ன பஞ்சம்? தாராளமா இரு!" என்றாள் பெரியநாச்சி. "ஆனா எங்க முறைன்னு ஒண்ணு இருக்கு. பேன் விருந்து! உச்சிவெயில்ல ஆரம்பிச்சுப் பொழுது சாயற வரைக்கும் நீ நடுவுல உக்காரணும். கூட்டத்துல அத்தனை பேரும் உனக்குப் பேன் பார்ப்போம். அப்புறம் நீ எங்க பொண்ணு!"

சிலுப்பிக்குச் சிறுத்தை பரவாயில்லையோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

மறுநாள் விருந்து களைகட்டியது. ஒருத்தி காதோரம் கோதினாள். ஒருத்தன் விலாவில் தடவினான். நாலு குட்டிகள் வாலைப் பிடித்துக்கொண்டன. "என்ன மெத்து மெத்துனு முடி!" என்று ஆளாளுக்குக் கொஞ்சல். எல்லாம் பிரியமான விரல்கள்தான். அதுதானே கொடுமை! சிலுப்பி பல்லைக் கடித்தாள். கண்ணை மூடினாள். தன்னை ஓடைக்கல் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பெரியநாச்சியின் சுட்டுவிரல் பின்னங்கழுத்தில் மெதுவாக ஊர்ந்தது.

நறுக்!

அவ்வளவுதான். கடித்துவிட்டாள்! தலைவியின் விரலையே கடித்துவிட்டாள்!

"ஐயோ! கொலகாரி!" என்று கூட்டம் அலறியது. பெரியநாச்சி விரலை வாயில் வைத்துக்கொண்டே பேசினாள். கோபத்தில் பாதி வார்த்தை விரலுக்குள்ளேயே போய்விட்டது.

"பிரியமா கை வச்சா கடிக்கிறியா? புருஷனப் பறிகொடுத்தவளேன்னு ஒரு தடவை பொறுத்துக்கறேன். நாளைக்கு உச்சிவெயில்ல மறுபடி உக்காரு. முடியலையா, வந்த வழியே ஓடையத் தாண்டிப் போயிடு!"

சிலுப்பி ஓடினாள். ஓடைக்கரையில் காய்ந்துபோன தேக்குமரம் ஒன்று நின்றது. அதன் நடுக்கிளையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"யாரது? கண்ணீரெல்லாம் என் வாசல் வழியா உள்ள வருது!"

மரப்பொந்திலிருந்து ஒரு மரங்கொத்தி தலையை நீட்டினாள். அவள் பெயர் செங்கொண்டை. சின்ன வயசுக்காரி. மரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே புழு இருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அந்தப் பழக்கத்தில் விலங்குகளையும் தட்டிப் பார்க்க ஆரம்பித்து, இப்போது காட்டுக்கே வைத்தியர். மற்ற வைத்தியர்களுக்குக் கைராசி என்பார்கள். இவளுக்கு அலகுராசி!

சிலுப்பி நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். செங்கொண்டை தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு ஒரு இறகை எடுத்துச் சிலுப்பியின் கையில் மெல்லத் தடவினாள்.

"ஆ!" என்று சிலுப்பி அடுத்த கிளைக்குத் தாவினாள்.

"சரி, திரும்பி வாங்க அக்கா. இப்ப இந்த மரத்துல முதுகை நல்லா அழுத்திச் சாயுங்க. இன்னும் அழுத்தி. எப்படி இருக்கு?"

சிலுப்பி யோசித்தாள். "நல்லா இருக்கே! தூக்கம் வருது!"

"இடி இடிச்சா?"

"பயமில்ல."

"மழைத் தூறல் மேல விழுந்தா?"

"ஐயோ, பேசாதே! பெருமழைன்னா நனைவேன். தூறல்ல மட்டும் நிக்க முடியாது!"

"அப்படியா சேதி!" செங்கொண்டை சிறகைத் தட்டினாள். "அக்கா, நீங்க நுண்தோலி."

"அப்படின்னா?"

"பிறக்கும்போதே சிலருக்கு அமையறது. மத்தவங்களுக்குத் தடவலா தெரியறது உங்க தோலுக்குக் கீறலா தெரியும். மான்ல இருக்காங்க, அணில்ல இருக்காங்க. ஒரு யானைகூட என்கிட்ட வந்தது."

"யானைக்குமா?"

"ஈ உக்காந்தாப் போதும், பாதிக் காடு காலி!"

சிலுப்பி சிரித்துவிட்டாள். பிறகு தயக்கத்தோடு கேட்டாள். "இதுக்கு மருந்து?"

"நோயா இருந்தாத்தானே அக்கா மருந்து?"

"அப்ப… நான் திமிர் புடிச்சவ இல்லையா?"

"அது எனக்குத் தெரியாது. திமிருக்கு என்கிட்ட சோதனை கிடையாது!"

சிலுப்பி மறுபடி சிரித்தாள். சிரிப்பு பாதியில் கோபமாக மாறியது. இத்தனை வயசு வரைக்குமா! எத்தனை மத்தியானம் பல்லைக் கடித்தேன்! எத்தனை நாள் உச்சிக்கிளையில் என்னையே திட்டிக்கொண்டு கிடந்தேன்! இதைக் குட்டியாக இருந்தபோதே யாராவது சொல்லியிருந்தால் என் காதாவது நேராக இருந்திருக்குமே! கோபம் தீர்ந்தபின் குண்டன் ஞாபகம் வந்தது. பெயர் தெரியாமலே அவனுக்கு இது தெரிந்திருக்கிறது. அவன் போனபிறகு அவனுக்காக மட்டும் அவள் அழுதது அப்போதுதான். செங்கொண்டை வாசல் நனைவதைப் பற்றி இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

"நாளைக்கு என்ன செய்யறது?" என்றாள் சிலுப்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஒரு பட்டைச்சாறு இருக்கு. உடம்பெல்லாம் பூசிக்கிட்டா மரத்துப்போகும். பொழுது சாயற வரைக்கும் தாங்கும். யாருக்கும் தெரியாது."

சிலுப்பி அந்தச் சாற்றை இலைத்தொன்னையோடு கையில் வாங்கினாள். ஆசையாகத்தான் இருந்தது. ஒரே ஒரு மத்தியானம். அப்புறம் கிளை உண்டு, கூட்டம் உண்டு, சிறுத்தை பயம் இல்லை. ஆனால் மறுநாளும் பேன் பார்க்க வருவார்களே? அதற்கு மறுநாளும்? சாகிற வரைக்கும் மரத்துப்போயே கிடப்பதா?

"வேண்டாம் கண்ணு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் உச்சிவெயில். கூட்டம் வட்டம் கட்டி உட்கார்ந்தது. சிலுப்பி நடுவில் வந்து நின்றாள். உட்காரவில்லை.

"நாச்சியக்கா, நேத்து கடிச்சது தப்பு. மன்னிச்சுக்கணும். ஆனா இன்னிக்கும் தொட்டீங்கன்னா கடிச்சாலும் கடிச்சிடுவேன். நான் நுண்தோலி. மரங்கொத்தி வைத்தியர் சோதிச்சுச் சொல்லிட்டா."

"நுண்… என்னது?" கூட்டம் ஒன்றை ஒன்று பார்த்தது. "நம்ம காலத்துல இதெல்லாம் ஏது? இப்ப எதுக்கெடுத்தாலும் ஒரு பேரு வச்சிடறாங்க!" என்று ஒரு கடுவன் முனகினான்.

"அப்ப உன் பேனை யாரு எடுப்பா? அதெல்லாம் நடந்து எங்க தலைக்கு வரவா?" என்று ஒரு வாயாடி மந்தி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

சிலுப்பி கரைக்கு ஓடினாள். ஓடையில் குதித்தாள். முங்கி எழுந்தாள். சொரசொரப்பான மருதமரத்தில் முதுகை வைத்து மரமே ஆடும்படி பரட் பரட்டென்று தேய்த்தாள். வந்து நின்று, "கையக் கட்டிக்கிட்டு, கண்ணால மட்டும் தேடுங்க!" என்றாள்.

வாயாடி அவளை நாலு தடவை சுற்றி வந்தாள். மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். "அடியாத்தி! ஒண்ணுகூட இல்லையே!"

பெரியநாச்சி கையை உயர்த்தினாள்.

"பேன் கிடக்கட்டும். பேனுக்காகவா நாங்க பேன் பார்க்கிறோம்? பிரியத்தைக் காட்ட எங்களுக்கு வேற வழி தெரியாது. எங்க கை உனக்கு வேண்டாம்னா எங்க பிரியமும் வேண்டாம்னுதானே அர்த்தம்? அப்படி ஒருத்திய எப்படிச் சேத்துக்கறது?"

இதற்கு மருதமரத்திடம் பதில் இல்லை. சிலுப்பி பெரியநாச்சியின் பக்கம் திரும்பினாள்.

"பிரியம் வேண்டாம்னா நான் ஏன் அக்கா ஓடையத் தாண்டி வரேன்? விரலால மெல்லத் தடவாதீங்க. எனக்கு வலிக்குது. அவ்வளவுதான். உங்க முதுகை என் முதுகோட ஒட்டி, முழு பாரத்தையும் போட்டு உக்காருங்க. அது எனக்கு இனிக்கும். உங்க எல்லாருக்கும் நான் பேன் பார்க்கறேன். என் விரலுக்குத் தப்பின பேன் கிடையாது. இதுதான் என்னால முடியும். முடியாததை முடியும்னு நடிச்சு நடிச்சு நான் களைச்சுட்டேன். இனிமே நடிக்க மாட்டேன். போகச் சொன்னா போயிடறேன்."

தூரத்தில் சிறுத்தை உறுமியது. பெரியநாச்சி எழுந்தாள். சிலுப்பியை உட்காரச் சொல்லி, பின்னால் போய் முதுகோடு முதுகை ஒட்டித் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"இவ்வளவு போதுமா?"

"இன்னும் அழுத்தி அக்கா."

"இப்ப?"

"இன்னும்!"

"அடியே, நான் கவுந்துடுவேன்டி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குட்டிகள் ஓடிவந்து இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்தன. சிலுப்பியின் தோள் முதல் தடவையாகத் தளர்ந்தது. எல்லாரும் அவளை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொன்னால் அது பொய். அந்தக் கடுவன் முனகிக்கொண்டேதான் இருந்தான். ஆனால் நாவல்மரத்தில் அவளுக்கு ஒரு கிளை கிடைத்துவிட்டது.

கூட்டம் கலைந்தது. பெரியநாச்சி மட்டும் எழுந்திருக்கவில்லை. முதுகை ஒட்டியபடியே குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்த மரங்கொத்தி எந்த மரத்துல இருக்கா?"

"எதுக்கு அக்கா?"

"சும்மாதான் கேட்டேன்." பிறகு அவளே தொடர்ந்தாள். "எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா எனக்கு மண்டை பொளக்குற மாதிரி இருக்கும். விருந்து முடிஞ்சா ரெண்டு நாளைக்குத் தலைதூக்க முடியாது. எல்லா மந்திக்கும் அப்படித்தான் இருக்கும்னு இத்தனை காலமா நினைச்சுக்கிட்டிருந்தேன்டி."

சிலுப்பி திரும்பிப் பார்க்கவில்லை. தன் முழு பாரத்தையும் அவள் முதுகில் சாய்த்தாள்.

"காய்ஞ்ச தேக்குமரம், அக்கா. வாங்க, நானும் கூட வரேன்."

நம் இயல்பு இன்னதென்று எந்த வயதில் தெரிய வந்தாலும் அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாமல் பக்கத்திலேயே தவித்துக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கும் அது வாய் திறக்கும் தைரியத்தைக் கொடுக்கும்.