காலி லாரியும் மாமன் சேவலும்

ஒரே ஒரு சேவல். அதற்கு உரிமை கேட்டு மூன்று பேர். தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான், ஆகையால் நடந்ததை நடந்தபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

நாமக்கல் லாரி டிரைவர் நைனாமலை, பல்லடம் பக்கத்துக் கோழித்தீவன மில் ஒன்றுக்கு மக்காச்சோள மூட்டைகளோடு காலையில் வந்து சேர்ந்தான். கேபினுக்குள் காலைக் கட்டிப்போட்ட சேவல். மறுநாள் அவன் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். விருந்துக்குச் சேவலும் மாமன் கொண்டுபோக வேண்டும். லோடு இறங்காமல் எங்கெங்கோ மாட்டிக்கொண்டு, ஏற்கெனவே இரண்டு முறை தேதியை மாற்ற வைத்தவன் அவன்.

"இந்தத் தடவையும் வரலீன்னா, எதிர்வீட்டுப் பால்காரர் மடியில உக்கார வெச்சுக் குத்திப்போடுவேன், பாத்துக்கண்ணா" என்று போனில் சொல்லியிருந்தாள் தங்கை. அந்தப் பால்காரர் மடி, வழியெல்லாம் அவன் கண் முன்னாலேயே வந்தது.

மில் வாசலில், முதலாளி தன் அப்பா நினைவாகக் கட்டிய சிமெண்ட் வளைவு. பாரத்தோடு லாரி நுழைந்தபோது, பக்கப் பலகைகளை உயர்த்தி அடித்த அதன் பாடிக்கும் வளைவுக்கும் நடுவே ஒரு சீப்பு நுழையலாம், அவ்வளவுதான். வாட்ச்மேன் சூசை அண்ணாந்து பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "நமக்கெதுக்கு வம்பு" என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

உள்ளே வழக்கமான கூத்துதான். தார்ப்பாயை டிரைவர் பிரிப்பதா, லோடுமேன்கள் பிரிப்பதா என்று ஒரு பஞ்சாயத்து. அது ஓய்ந்தால் டீ. டீ முடிந்தால், முதலாளி தலையாட்டாமல் மூட்டையைத் தொடக்கூடாதாம்; அவரோ சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். அவர் விட்ட குறட்டையில் குடோன் கூரைத் தகரம் ஆணி கழன்று பறந்துபோய் அடுத்த ஊரில் விழுந்தது. நைனாமலை கக்கூஸ் தேடிப் போனான். டிரைவர்களுக்கு இல்லையென்று பூட்டிவைத்திருந்தார்கள். ஒரு வழியாக அவர் எழுந்து தலையாட்ட, வெயில் சாயும் நேரத்தில் மூட்டைகள் இறங்கின.

பாரம் போனதும் லாரி, படுத்திருந்த மாடு எழுந்த மாதிரி நிமிர்ந்துகொண்டது. வாசலுக்கு வந்தால், டங்கென்று வளைவில் முட்டியது.

"எங்கப்பா வளைவுல ஒரு கீறல் உழுந்தாலும் லாரி இங்கயேதான் நிக்கும்" என்றார், சத்தம் கேட்டு ஓடிவந்த முதலாளி.

டயரில் காற்றை இறக்கலாமென்றால், எல்லாம் மொட்டை டயர். காற்றுக் குறைந்து ஓடினால் வெடித்துவிடும். கொஞ்சம் மூட்டையைத் திரும்ப ஏற்றச் சொல்லிக் கெஞ்சினான். லோடுமேன்களின் மேஸ்திரி மருதையன் கையை விரித்தார். "நாங்க எறக்குற செட்டுங்க. ஏத்துற செட்டு நாளைக்குத்தான் வரும்."

நைனாமலை தலைக்கு மேல் கையைக் கூப்பினான். "இந்த வாசலத் தாண்ட வெக்கிறவங்களுக்கு என் சேவலையே குடுத்தர்றேன், சாமி சத்தியமா!"

சூசை பீடியை வீசினார். "காலைலயே நெனச்சேன், போறப்ப முட்டும்னு. பாரம்னா மூட்டைதானா? ஆளுங்க ஏறி உக்காந்தா ஆகாதா?"

மருதையன் சாலையைப் பார்த்தார். வேலை முடிந்துவிட்டது. அவர்கள் ஊருக்குப் போகும் பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது; அதை விட்டால் நடைதான். "ஏத்தத்தான மாட்டோம், ஏறுனா என்னங்கறேன்? வாங்கடா!" என்றார். அத்தனை பேரும் ஏறிக் குந்தினார்கள். பஸ் போயே போய்விட்டது. லாரியும் தாழ்ந்தது, ஆனால் ஒரு நூல் அளவு இன்னும் முட்டியது.

அதற்குள் வளைவுக்கு வெளியே, முதலாளிக்குத் தவிடு ஏற்றிவந்த லாரிகள் உள்ளே வர வழியில்லாமல் ஹாரனை அலறவிட்டன. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் சரீரத்தைப் பற்றி மில்லில் உடைந்து கிடக்கும் நாற்காலிகளைக் கேளுங்கள். நாலு பேர் தூக்கிவிட, அவரும் ஏறி உட்கார்ந்தார். லாரி முனகிக்கொண்டே தாழ்ந்து, வளைவுக்கு நோகாமல் வெளியே வழுக்கி வந்தது.

"யோசனை என்னுது" என்றார் சூசை.

"யோசனையா கனத்துச்சு? பாரம் எங்களுது" என்றார் மருதையன்.

"கடைசி நூலை எறக்குனது ஆரு? நானு!" என்றார் முதலாளி.

சேவல் மூவரையும் மாறி மாறிப் பார்த்தது. கொடுத்தால் மாமன் வெறுங்கையோடு போக வேண்டும். கொடுக்காவிட்டால் சாமி சத்தியம் பொய்யாகும். கொடுத்துத்தான் ஆக வேண்டும். இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இந்த மூவரில் சேவல் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: லோடுமேன்களுக்குத்தான். சூசையின் யோசனை நல்ல யோசனை. ஆனால் காலையில் வாயைத் திறந்திருந்தால் லாரி மாட்டியே இருக்காது. முதலாளி ஏறியது தன் தவிட்டுக்கு வழிவிட. தனக்கு ஒரு லாபமும் இல்லாமல், வந்த பஸ்ஸை விட்டுவிட்டு ஏறியவர்கள் லோடுமேன்கள் மட்டுமே. நைனாமலையும் அப்படியே தீர்த்து, சேவலை மருதையன் கையில் கொடுத்தான். மருதையன் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேபினுக்குள்ளேயே திரும்ப விட்டார். "எங்க சேவலுங்க இது. நாங்க மொய் வெக்கிறோம், எடுத்துட்டுப் போங்க. போற வழியில எங்கள ஊர் முக்குல உட்டுருங்க. எறங்குறதுக்குப் பஞ்சாயத்து வெக்க மாட்டோம்." மறுநாள் பால்காரரும் காதுகுத்துக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டார், மடி மட்டும் காலியாகவே இருந்தது.