கழுத்தில் வைத்த கத்தி

ரொம்பக் காலத்துக்கு முந்தி மேல்கரைச் சீமையை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் எதையும் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவார். மழை பெய்கிறது என்றால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார்!

ஒருநாள் சபையில் மந்திரி பூதலிங்கம், "மகாராஜா, நம்பிக்கைதான் ஒரு நாட்டின் பெரிய சொத்து" என்றார். மந்திரி பேரைக் கேட்டாலே வயிறெரிகிற பொக்கிஷ அதிகாரி தாண்டவராயனுக்கு இது போதாதா?

"மகாராஜா, என் பொக்கிஷத்தில் வாள் இருக்கிறது, முத்து இருக்கிறது, தொட்டுக் காட்டுவேன். இவரோ நீதி, பொறுமை, நம்பிக்கை என்று வாய்ப்பந்தல் போடுகிறார். அந்த நம்பிக்கையைத் தட்டில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்!"

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "நாளைக்குக் காட்டும், மந்திரி. இல்லையென்றால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடையைக் கட்டும்" என்றார்.

பூதலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. இருபது வருஷ உத்தியோகமாயிற்றே! மறுநாள் காலை கலங்கிய மனசோடு அரண்மனைக்கு வந்தார். ராஜாவின் காவலர்கள் அறைக்கு வெளியே நின்றார்கள்.

"ஏனப்பா வெளியே நிற்கிறீர்கள்?"

"உள்ளே சவரம் நடக்கிறது, ஐயா. பாதி மழித்த முகத்தை நாவிதர் மாசிலானைத் தவிர யாரும் பார்க்கக் கூடாதாம்."

உள்ளேயிருந்து ராஜாவின் குறட்டை கேட்டது. பூதலிங்கம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

சபை கூடியது. "தட்டு எங்கே?" என்று இளித்தார் தாண்டவராயன். மந்திரி தட்டை நீட்டினார். அதில் மாசிலானின் சவரக்கத்தி இருந்தது.

"மகாராஜா, தொட்டுப் பாருங்கள். காலையில் உங்கள் கழுத்தில் ஓடியது இதுதானே?"

"இதேதான்."

"அதே கத்தி, அதே கழுத்து. இப்போது தாண்டவராயன் மழிக்கட்டும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள்."

தாண்டவராயன் கத்தியோடு ஓரடி வைத்தார். அவ்வளவுதான், ராஜா கழுத்தைப் பொத்திக்கொண்டு துள்ளி எழுந்தார். "ஐயையோ! தள்ளி நில்லும்!"

"தொடக்கூடியதெல்லாம் இங்கேதானே இருக்கிறது! காலையில் குறட்டை விட்டீர்களே, இப்போது எது குறைகிறது?"

என்ன மூளை பாருங்கள்! சபையே வாயைப் பிளந்தது.

"நம்பிக்கை" என்றார் ராஜா மெதுவாக. பிறகு சபை அதிரச் சிரித்தார். "சபாஷ், பூதலிங்கம்! இத்தனை வருஷமாக என்னிடம் என்ன இருந்தது என்றே தெரியாமல் இருந்திருக்கிறேனே!" தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். மாசிலானுக்குச் சபையில் ஓர் ஆசனம் கொடுத்தார்.

தாண்டவராயன் பக்கம் திரும்பினார். "நீர் இனி காலையில் என் அறைக்கு வெளியே வெந்நீர்க் கிண்ணம் பிடித்து நில்லும். உம்மிடம் கழுத்தைக் கொடுக்க எனக்கு என்றைக்குத் தைரியம் வருகிறதோ, அன்றைக்கு உமக்குப் பதவி திரும்ப வரும்."

தாண்டவராயன் கிண்ணம் பிடித்தபடியே கிழவரானார்.