வெலீயிட்டிக்கு ஒரு வாக்கியம்

"போகணும்னுதான் இருக்குதுங்கம்மா. கால்தான் எந்திரிக்க மாட்டேங்குது. இந்த மாதிரி ஆசைக்கு இங்கிலீசுல ஒரு வார்த்தையே இருக்குங்க."

குழந்தைவேலு வாத்தியார் இப்படித்தான் புலம்ப ஆரம்பித்தார்.

ஆற்றங்கரை மடத்தில் நாச்சியம்மாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். வயதில் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் குரு என்று அவர் கும்பிட்டது அவளைத்தான்.

அக்கரையில் அவருடைய அக்காள் மகளுக்கு அன்றைக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டாமல் அவள் மணையேற மாட்டாள். கிணற்றுத் தண்ணீர்ச் சண்டையில் அக்காளோடு பேச்சை நிறுத்தியவர் இவர். அக்காள் ஆள் விட்டுச் சொல்லிவிட்டாள்: முகூர்த்தத்துக்குள் தம்பி வராவிட்டால், மாமன் முறைக்கு வேறு ஆளை நிறுத்திக்கொள்வோம்.

துறையில் மாதப்பன் பரிசலோடு நின்றான். முகூர்த்தத்துக்குள் அக்கரை சேர அதை விட்டால் வேறு பரிசல் இல்லை.

"நான் போகட்டுங்களா, வேண்டாங்களா?"

"ஏதோ இங்கிலீசு வார்த்தைன்னீங்களே, என்ன அது?"

வாத்தியார் முழித்தார். நாம கேட்டதென்ன, இந்தம்மா கேக்கறதென்ன?

"வெலீயிட்டிங்க."

"அப்படின்னா?"

"ஆசை இருக்கும். அதுக்காக ஒரு துரும்பக்கூடக் கிள்ளிப் போட மாட்டோம். அப்படி ஒரு நோஞ்சான் ஆசைங்க."

"வாத்தியாரய்யா, வர்றீங்களா?" மாதப்பன் குரல் கொடுத்தான்.

"இதோ, ஒரு நிமிசம்!"

"அது எங்கிருந்து வந்துச்சு?" என்றாள் நாச்சியம்மாள்.

"பரிசலுங்களா?"

"வார்த்தை."

வாத்தியாருக்குத் தலை கிறுகிறுத்தது. இருந்தாலும் பாடம் நடத்திப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

"லத்தீனுங்க. 'வெல்லே'ன்னா விரும்பறது. அதுல பொறந்தது. படிச்சவங்க எழுத்துல எப்பவாச்சும் தலை காட்டும். சந்தையில கத்திரிக்கா வாங்கறவன் சொல்ல மாட்டான்."

"ஏனுங்கய்யா, முகூர்த்தம் உங்களுக்காக நிக்குமா?" மாதப்பன் துடுப்பால் பரிசலைத் தட்டினான்.

பொறு என்று வாத்தியார் விரலை மட்டும் தூக்கிக் காட்டினார்.

"வாக்கியத்துல எப்படி வெப்பாங்க?"

"விடியக்காலம் எந்திரிச்சு நடக்கணும்னு அவனுக்கு ஒரு வெலீயிட்டி இருக்கு. இப்படிங்க."

"எவனுக்கு?"

"யாரோ ஒருத்தனுக்குங்க."

"யாரோ ஒருத்தன நான் எங்கன்னு போய்த் தேடறது? எனக்குத் தெரிஞ்ச ஆளா வெச்சுச் சொல்லுங்க."

அவள் மொச்சையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

இதென்னடா வம்பு என்று வாத்தியார் பிடரியைச் சொறிந்தார்.

"சரிங்க, என்னையே வெச்சுக்குங்க. குழந்தைவேலுக்கு, தன் அக்கா மகள் கல்யாணத்துக்குப் போகணும்னு ஒரு..."

வாய் திறந்தபடி நின்றது.

துறையைத் திரும்பிப் பார்த்தார். பரிசல் கரையை விட்டுச் சுழன்று போய்க்கொண்டிருந்தது.

செருப்பு ஒரு பக்கம் பறந்தது. துண்டு ஒரு பக்கம் விழுந்தது.

"வாத்தியாரே, வாக்கியம் பாதியில நிக்குது!" என்று கத்தினாள் நாச்சியம்மாள்.

"டேய் மாதப்பா! திருப்புடா பரிசலை! அந்தப் புள்ளைக்கு மாமன் நான்தாண்டா!"

அதற்குள் அவர் இடுப்பளவுத் தண்ணீரில் இருந்தார்.