ஊருக்குப் புறப்பட்ட செல்போன்

நெட்டைக்குளம் மகளிர் கல்லூரி விடுதியில் புத்திக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. அதை எங்கே வைத்தோம் என்பதுதான் சமயத்தில் மறந்துபோகும். வார்டன் சவுந்தரவல்லி, எழுத்தர் பிச்சாண்டி, வாட்ச்மேன் தங்கமாரி ஆகிய மூவரும் எதையும் கலந்து பேசாமல் செய்வதில்லை. ஆகையால் எந்தப் பிழையையும் அவர்கள் தனித்தனியாகச் செய்ததில்லை.

ஒருநாள் மனநல அதிகாரி ஒருவர் வந்து மாணவிகளின் செல்போன்களில் ஒரு செயலியை ஏற்றினார். போன் எவ்வளவு நடமாடுகிறது, எவ்வளவு பேசுகிறது என்பதை வைத்து, விடுதிக் கணினியில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு முகம் தோன்றும். பச்சை முகம் மகிழ்ச்சி. சிவப்பு முகம் வாட்டம்.

"போனைக் கவனமாப் பாத்துக்கிட்டே இருங்க மேடம். முகம் சிவந்தா தனியா விடாதீங்க. வெளியே கூட்டிட்டுப் போங்க, பேச்சுக் கொடுங்க, பிடிச்சதைச் செஞ்சு கொடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

சவுந்தரவல்லிக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். அவர்கள் கையில் போன் இருந்தால் எப்படிப் பார்த்துக்கொண்டே இருப்பது? எல்லாப் போன்களையும் வாங்கி மேசையில் அடுக்கி, எதிரே நாற்காலி போட்டு அமர்ந்து, கண் கொட்டாமல் பார்த்தார். மறுநாள் கணினியில் அத்தனை முகங்களும் சிவந்திருந்தன.

"விடுதியே வாடிப்போச்சே!" என்று பதறினார்.

பிச்சாண்டி நெற்றியைச் சுருக்கினார். "நேத்துலேர்ந்து ஒருத்திகூட இடத்தை விட்டு அசையலை மேடம். இப்படியே கெடந்தா யாருக்குத்தான் மனசு வாடாது?"

வெளியே மாணவிகள் எறிபந்து ஆடிய கூச்சலில் அது சரியாகக் கேட்கவில்லை. ஆகவே இன்னொரு முறை உரக்கச் சொன்னார்.

தங்கமாரி போன்களைக் காய்கறிக் கூடையில் அடுக்கி, தலையில் சுமந்து மைதானத்தைச் சுற்றினார். முகங்கள் மஞ்சளாயின. ஒரு நாய் துரத்தியது. எல்லாம் பளிச்சென்று பச்சையாயின. வீடுகளிலிருந்து அழைப்பு வந்தபோதெல்லாம், "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா" என்று தம் கட்டைக்குரலில் பொறுப்பாகப் பதில் சொன்னார். தொண்டை கட்டியிருக்கிறது என்று தாய்மார்கள் கஷாயம் சொன்னார்கள். அதையும் வைத்துக் குடித்தார்.

கோமு என்ற மாணவியின் முகம் மட்டும் மறுபடி சிவந்தது. படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று அவள் அம்மா அழைப்பதே இல்லை. மாலைதோறும் கோமுதான் அழைப்பாள். இப்போது போன் மேசையில் இருந்தது.

கோமு கண் வீங்கி வந்து நின்றாள். "ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வரேன் மேடம். அம்மா ஞாபகமாவே இருக்கு. சோறே எறங்க மாட்டேங்குது."

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா, வெளிச்சத்தை மறைக்காதே. உனக்குத்தான் வைத்தியம் நடக்குது."

கோமுவுக்குப் பணியாரம் பிடிக்கும் என்று கேட்டறிந்து, சுடச்சுடச் சுட்டுப் போனின் முன்னால் வைத்தார்கள். பிச்சாண்டி அதற்குச் சிரிப்புத் துணுக்குகள் வாசித்துக் காட்டினார். சிவப்பு மாறவில்லை. சவுந்தரவல்லிக்கு அன்று சாப்பாடே பிடிக்கவில்லை. திடீரென்று அவர் முகம் தெளிந்தது.

"இது ஊர் ஏக்கம்! உடனே அனுப்பிடணும்."

கோமு ஓடிப்போய்ப் பையோடு வந்தாள். "நான் ரெடி மேடம்!"

"நீ எதுக்கும்மா அலையணும்? கணினியில சிவந்திருக்கிறது நீயா?"

தங்கமாரி போனைப் பேருந்தில் ஜன்னலோரம் உட்காரவைத்து, வாந்தி வராமலிருக்கப் பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழமும் வைத்து, துணைக்குத் தானும் ஏறிக்கொண்டார். கோமு வாசலில் நின்று அழுதாள். வழியனுப்பும்போது அப்படித்தான் இருக்கும் என்று பிச்சாண்டி தேற்றினார்.

ஊரில் கோமுவின் அம்மா போனிலிருந்த மகளின் படங்களைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்க் காட்டிப் பேசித் தீர்த்தார். கணினியில் கோமுவின் முகம் பச்சைப்பசேல் என்று ஆனது.

"பாத்தியா, எவ்வளவு சந்தோஷமா இருக்கே!" என்று சவுந்தரவல்லி அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் கோமு தட்டோடு வரிசையில் நின்றபோது பிச்சாண்டி மறித்தார். "கோமு ஊர்ல இருக்கா. ஊருக்குப் போன பிள்ளைக்கு இங்கே எப்படி இட்லி வைக்கிறது?"

"அப்போ நான் யாரு மேடம்?"

பக்கத்தில் நின்ற சவுந்தரவல்லி அவளைப் பரிவோடு பார்த்தார். "அதை நீதாம்மா சொல்லணும்."

கோமு தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பையை எடுத்தாள். வெளியாள் விடுதிக்குள் நிற்கக்கூடாது என்பதால் பிச்சாண்டியே கேட்டைத் திறந்துவிட்டார்.

அடுத்த நாள் கணினியைப் பார்த்த சவுந்தரவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோமு செக்கச்செவேல் என்று சிவந்திருந்தாள். அசைவில்லை, பேச்சில்லை. உடனே தங்கமாரிக்கு ஆள் போனது: பிள்ளைக்கு ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, கையோடு அழைத்து வரவும்.

மாலையில் தங்கமாரி போனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து இறங்கினார். சவுந்தரவல்லி ஓடிப்போய் வாங்கி அணைத்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, பெத்த வீட்டுலேயே இப்படி வாடிப்போச்சே?"

தங்கமாரிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "எப்படி மேடம் வாடாம இருக்கும்? எங்கேருந்தோ ஒரு பொண்ணு பையோட வந்து, அந்தம்மா மடியில படுத்துக்கிட்டு எழுந்திரிக்கவே மாட்டேங்குது. அந்தம்மாவும் அதுக்கே ஊட்டி விடுது, அதையே கொஞ்சுது. நம்ம பிள்ளையை ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை!"