சோப்பு தேய்த்த டேங்க்

சிறுமலைக்கு மேலே ஓர் ஆசிரமம். ஆசிரமம் என்றதும் ஆற்றங்கரை, குடில், மான்குட்டி என்று எதையாவது நினைத்துவிட வேண்டாம். காப்பித் தோட்டக்காரர் ஒருவர் கட்டிய பழைய பங்களா அது. பிள்ளை குட்டி இல்லாத மனுஷன், தியானம் செய்கிறவர்களுக்கு என்று எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பங்களாவோடு இரண்டு ஏக்கர் புல்தரையும் வந்தது. அதை யார் வெட்டுவது என்று மட்டும் அவர் எழுதி வைக்கவில்லை.

வெட்டியது வெள்ளைச்சாமி. அறுபதுக்கு ஒரு வயது குறைவு. கீழே திண்டுக்கல்லில் ஒரு வேன் ஷெட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்து, தலைமை மெக்கானிக்காக இருந்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையோடு மலை ஏறி வந்தார். பிறகு இறங்கியது ஒரே ஒரு தடவைதான், அதுவும் ஒரு ஃபேன் பெல்ட் வாங்க.

குருவின் பெயர் நாச்சியாரம்மா. வயது நாற்பத்திரண்டு. வெள்ளைச்சாமியைவிடப் பதினேழு வயது சின்னவர். எல்லாரும் அவரை அம்மா என்பார்கள், வெள்ளைச்சாமியும் அப்படியே கூப்பிடுவார். பதிலுக்கு அவர் வெள்ளைச்சாமியை ஐயா என்பார். சாயங்காலம் ஆனால் பக்தர்கள் வரிசையாக வந்து கேள்வி கேட்பார்கள். மனசு ஏன் அலைகிறது, தூக்கம் ஏன் வரவில்லை, மருமகள் ஏன் மதிப்பதில்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில நாள் கொட்டாவி வந்துவிடும். அதை மறைக்கவும் மாட்டார்.

வெளிநாட்டில் இருக்கும் பக்தர் ஒருவர் புல் வெட்டும் வண்டி ஒன்று அனுப்பி வைத்திருந்தார். சின்ன டிராக்டர் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. நல்ல வண்டிதான். ஆனால் இரண்டு மாதமாக அதன் பெட்ரோல் டேங்க் ஒழுகிக்கொண்டிருந்தது.

டேங்கின் அடியில் ஒரு ஓட்டை. அதில்தான் பெட்ரோல் குழாயின் முனை நுழையும். முனைக்கும் ஓட்டைக்கும் நடுவில் மோதிரம் மாதிரி ஒரு ரப்பர் இருக்கும், கிரம்மெட் என்பார்கள். அது காய்ந்து வெடித்துப் போயிருந்தது. வெள்ளைச்சாமி என்ன செய்தார்? துணி துவைக்கிற சோப்பை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். ஒழுக்கு நின்றது.

நம் ஊர் ஷெட்டுகளில் இது பழைய கைவைத்தியம். சோப்பு பெட்ரோலில் கரையாது, வண்டி ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும். போய்ச் சேர்ந்ததும் கழற்றி ஒழுங்காகச் செய்ய வேண்டும். வெள்ளைச்சாமிக்கு மட்டும் அந்த ஊர் வந்து சேரவே இல்லை. வண்டி குலுங்கக் குலுங்கச் சோப்பு உதிரும். மறுபடி தேய்ப்பார். மறுபடி உதிரும். புல்தரையில் அங்கங்கே வட்டம் வட்டமாகப் புல் கருகிப் போயிருந்தது. கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தவர்கள் பெட்ரோல் வாடை தாங்காமல் எழுந்து போனார்கள்.

புது ரப்பர் வந்து மூன்று வாரமாகிவிட்டது. பொட்டலம்கூடப் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது.

அந்த மூன்று வாரமும் வெள்ளைச்சாமி அம்மாவிடம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார். வரும் பௌர்ணமிக்கு அவருக்குத் தீட்சை வேண்டும். காவி வேண்டும். முக்கியமாக ஒரு புதுப் பெயர் வேண்டும். பழைய வெள்ளைச்சாமி செத்தான், இனி வேறு ஆள் என்று ஆகிவிட வேண்டும். அவருக்கு அலுத்துவிட்டது. ஆறு வருஷம் விடியுமுன் எழுந்து உட்கார்ந்து மூச்சைப் பார்த்ததில் மூச்சுதான் வாங்கியதே தவிர, உள்ளே இருந்த உறுத்தல் இம்மிகூடக் குறையவில்லை.

அவர் கேட்கும்போதெல்லாம் அம்மா ஒரே பதில்தான் சொன்னார்.

"அந்த ரப்பரை மாத்திட்டு வாங்க, ஐயா."

முதல் தடவை இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று நினைத்தார் வெள்ளைச்சாமி. இரண்டாம் தடவை, நம்மைத் தட்டிக் கழிக்கிறார்கள் என்று தோன்றியது. மூன்றாம் தடவை கோபமே வந்துவிட்டது. நேற்றுப் பிறந்த பொம்பளை, நம் வயசுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா என்று அன்று முழுக்க முனகிக்கொண்டே புல் வெட்டினார்.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தது. காலையில் வண்டியைப் புல்தரை நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று. சோப்பு மொத்தமாக உதிர்ந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைச்சாமி இறங்கி, வழக்கம்போல இடுப்பிலிருந்த சோப்பை எடுத்தார்.

நடந்து வந்துகொண்டிருந்த அம்மா பக்கத்தில் வந்து புல்லில் உட்கார்ந்துவிட்டார். கையில் அந்தப் பொட்டலம் இருந்தது. இன்றைக்கு மாற்றிவிடலாம், நானும் கூட இருக்கிறேன் என்றார்.

டேங்க் நிறைய இருக்கிறது, நேற்றுத்தான் ஊற்றினேன், தீரட்டும் என்றார் வெள்ளைச்சாமி.

"மூணு வாரமா நிறையத்தான் இருக்கு. நீங்க தீரவே விடலியே, ஐயா."

வெள்ளைச்சாமி சோப்பை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் ஆரம்பித்தார். பேட்டரி வயரைக் கழற்றினார். எஞ்சின் ஆற வேண்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார். ஆறிய பிறகும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சமையலறையில் அடுப்பு எரிகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சமையலறை முந்நூறு அடி தள்ளி இருக்கிறது. அம்மாவின் செல்போனை வாங்கித் தூரத்தில் ஒரு கல்மேல் வைத்தார். முப்பது வருஷ மெக்கானிக் ஒருவர் ஒரு சின்ன டேங்குக்கு இவ்வளவு பயப்படுவதை அம்மா சலிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பெட்ரோல் குழாயை எஞ்சின் பக்கம் கழற்றிக் கேனுக்குள் விட்டார். பெட்ரோல் இறங்கும் சத்தம் கேட்டது. வெள்ளைச்சாமி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வெளிய வெச்சுத்தான் எறக்கணும்னு அவன் அப்பவே சொன்னான்," என்றார்.

"யாரு?"

கேன் நிறையும்வரை அவர் சொன்னார். கோர்வையாக ஒன்றும் சொல்லவில்லை, விட்டு விட்டுத்தான் வந்தது.

ஷெட்டில் சூசைமாணிக்கம் என்று ஒருவன். வெள்ளைச்சாமிக்குக் கீழே வேலை பார்த்தவன், நல்ல கைக்காரன். ஒரு நாள் பெட்ரோல் வேன் ஒன்று இதே மாதிரி டேங்க் ஒழுகிக்கொண்டு வந்தது. சோப்பு தேய்த்தே ஒரு மாதம் ஓட்டியிருந்தார்கள். முதலாளிக்கு வண்டி உடனே வேண்டும். வெளியே தள்ளிப் போய் டேங்கைக் காலி செய்துவிட்டு மாற்றலாம் என்றான் சூசை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அதெல்லாம் வேண்டாம், உள்ளேயே ஒரு பேசினை வைத்து இறக்கு என்று சொன்னது வெள்ளைச்சாமி. சூசை வேனுக்கு அடியில் படுத்தான். இருட்டாக இருக்கிறது என்று எரிகிற பல்பை வயரோடு பிடித்துக் குனிந்து காட்டியதும் வெள்ளைச்சாமிதான். பெட்ரோல் தெறித்துச் சூடான பல்பில் பட்டது. பல்பு வெடித்தது.

"எனக்கு ஒரு மயிரும் கருகல, அம்மா. அவனுக்குத்தான் கையும் மூஞ்சியும் போச்சு. ஒரு பக்கம் கண் இமையே இல்ல."

அம்மா கேனை நகர்த்தி வைத்தார். டேங்க் காலியாகியிருந்தது.

விசாரிக்க வந்தவர் எப்படித் தீப்பிடித்தது என்று கேட்டாராம். முதலாளி வெள்ளைச்சாமியைப் பார்த்தார். சூசை ஆஸ்பத்திரியில் வாய் பேச முடியாமல் கிடந்தான். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. சூசை பீடி பற்ற வைத்தான் என்று வெள்ளைச்சாமி சொல்லிவிட்டார். சூசைக்குப் பீடிப் பழக்கமே கிடையாது. அவன் தேறி வந்து எத்தனையோ சொல்லிப் பார்த்தான், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஊரில் எந்த ஷெட்டிலும் அவனைச் சேர்க்கவில்லை.

சொல்லி முடித்ததும் வெள்ளைச்சாமிக்கு அழுகை வந்தது. ஆறு வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தார், தேற்றுவார் என்றும் எதிர்பார்த்தார். அம்மா பொட்டலத்தைப் பிரித்து ரப்பரைக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான்.

வெள்ளைச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். முனையை ஆட்டி ஆட்டி வெளியே இழுத்தார். பழைய ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்து வந்தது. ஓட்டையைச் சுற்றி இரண்டு மாதச் சோப்பு ஓடாக ஏறிக் கிடந்தது, அதையெல்லாம் துணியால் துடைத்து எடுத்தார். புது ரப்பரை விளிம்பு சரியாக உட்காரும்வரை விரலால் திருகி நுழைத்தார். ஒரு சொட்டு ஆயில் தொட்டு முனையை அழுத்தினார், அது கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கழற்றிய குழாயை மாட்டிவிட்டுக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினார்.

இருவரும் டேங்கின் அடியையே பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

வெள்ளைச்சாமிக்கு உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. ஆனாலும் நெஞ்சில் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. சொல்லியும் ஆயிற்று, ரப்பரும் மாற்றியாயிற்று. இனி மறுக்க என்ன இருக்கிறது என்று துணிந்து கேட்டார்.

"நாளன்னிக்குக் காவி குடுத்துடுவீங்களா, அம்மா?"

"என்ன பேர் வேணும் உங்களுக்கு?"

அவரால் நம்பவே முடியவில்லை. எந்தப் பேராக இருந்தாலும் சரி, அம்மா வாயால் எது வந்தாலும் சரி என்றார்.

அம்மா கொஞ்ச நேரம் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை, சாயங்கால வரிசையில் கடைசி ஆள் வந்து நிற்கும்போது இருக்கிற அலுப்புத்தான் இருந்தது.

"சூசைமாணிக்கத்தை இப்ப ஊர்ல என்ன பேர் சொல்லிக் கூப்புடுறாங்க, ஐயா?"

வெள்ளைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். ஃபேன் பெல்ட் வாங்கப் போன அன்றைக்கு ஒரு டீக்கடையில் அவர் அந்தப் பெயரைக் கேட்டிருந்தார். கேட்டதும் பாதி டீயைக் கீழே வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

"பீடி சூசைன்னு," என்றார்.

உடனே, யாரும் கேட்காமலே, காரணங்களை அடுக்க ஆரம்பித்தார். இப்போது போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள் என்றார். அந்த முதலாளியே செத்துப் போய்விட்டார், ஷெட்டையும் இடித்துவிட்டார்கள் என்றார். மலையை விட்டு இறங்கினால் திரும்ப ஏற உடம்பில் தெம்பு இருக்குமா என்று தெரியவில்லை என்றார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

கடைசியில் வெள்ளைச்சாமி குரலைத் தாழ்த்திக் கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

"ஆறு வருஷம் ஆச்சும்மா. அவனே மறந்திருப்பான்."

அம்மா எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

"தினம் காலையில அவரு முகம் கழுவுவாரில்ல, ஐயா?"