கொய்யா பறிக்கப் பழகிய மெஷின்

ஆயக்குடிக் கொய்யாத் தோப்புக்குப் பழம் பறிக்கும் மெஷின் வந்தது. அதைப் பழக்குவதற்காக, தோப்பில் பழம் பறிக்கும் மாரக்காளின் தலையில் கேமராவை மாட்டிவிட்டார் மேனேஜர் தண்டபாணி.

"நீ செய்யறதைப் பார்த்துத்தான் மெஷின் கத்துக்கும். தினமும் செய்யறதுல ஒண்ணு விடாம செய். அது தப்புப் பண்ணுச்சுன்னா உனக்கு வேலை கிடையாது!"

"ஒண்ணுகூட விடக்கூடாதுங்களா?"

"கூடாதுன்னா கூடாது!"

ஒரு மாதம் அப்படியே செய்து காட்டினாள்.

முதலாளி பார்க்க வந்த அன்று மெஷின் மளமளவென்று பறித்துக் கூடையை நிரப்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். உடனே அது பெரிய பழங்களாகப் பொறுக்கிக்கொண்டு, குடுகுடுவென்று உருண்டுபோய், மேனேஜர் கார் டிக்கியில் அடுக்கி, மேலே சாக்கைப் போட்டு மூடியது.

"மெஷின் கெட்டுப்போச்சுங்க!" என்று அலறினார் தண்டபாணி.

"இல்லீங்க முதலாளி," என்றாள் மாரக்காள். "தினமும் மேனேஜர் சாக்குப் போட்டு மூடச் சொல்வாரே, அதைக்கூட மறக்கலை பாருங்க!"